ஆட்டிசம் உள்ள பெற்றோர்: வேலையிலும் வீட்டிலும் யாரிடம், எவ்வளவு சொல்வது?

தெளிநீர் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். எனக்கு ஆட்டிசம் இருப்பது நடுவயதில்தான் உறுதியாயிற்று. மகளுக்கு மதிப்பீடு நடந்தபோது மருத்துவர் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை என் சிறுவயதைப் பார்த்தே கேட்டவைபோல் இருந்தன. பிறகு நானும் தனியாக மதிப்பீடு செய்துகொண்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்றவர்கள் சாதாரணமாகக் கடந்துபோகும் ஒரு நாளில் நான் மட்டும் ஏன் இவ்வளவு களைத்துப்போகிறேன் என்பதற்குக் காரணம் தெரிந்ததில் நிம்மதிதான்.

நான் கணக்குத் தணிக்கைப் பிரிவில் வேலை செய்கிறேன். வேலை எனக்குப் பிடிக்கும். எண்களுக்கு நடுவே பொருந்தாத ஒன்று எங்கே ஒளிந்திருந்தாலும் என் கண்ணில் பட்டுவிடும். என்னைக் களைக்க வைப்பது வேலையன்று, வேலையைச் சுற்றி இருப்பவை. ஒருவர் பேசும்போது எப்போது தலையசைப்பது, எவ்வளவு நேரம் முகத்தைப் பார்ப்பது, "எப்படி இருக்கிறீர்கள்" என்பதற்கு எவ்வளவு நீளமான பதில் சொல்வது என்று ஒவ்வொன்றையும் மனத்துக்குள் யோசித்து யோசித்துத்தான் செய்கிறேன். மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது என்னிடம் தெம்பு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

அந்த நேரத்தில்தான் என் எட்டு வயது மகள் பள்ளியில் நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லத் தொடங்குகிறாள். குழாயிலிருந்து வாளியில் விழும் தண்ணீர், மின்விசிறியின் கிறீச்சொலி, பக்கத்து அறைத் தொலைக்காட்சி, அவளுடைய குரல் எல்லாம் ஒரே உரப்பில் காதில் விழுகின்றன. அவள் குரலை மட்டும் பிரித்தெடுக்க முடிவதில்லை. என் முகம் இறுகிவிடுகிறது. "அம்மா, கோபமா?" என்று கேட்கிறாள். இல்லை என்று நான் சொல்வதே கோபமாகத்தான் ஒலிக்கிறது.

தனக்கு ஆட்டிசம் இருப்பது அவளுக்குத் தெரியும். எனக்கும் இருப்பது தெரியாது. அவளிடம் எப்படிச் சொல்வது? அலுவலகத்தில் சொல்லலாமா, சொன்னால் எந்த அளவுக்கு? இதே நிலையில் இருப்பவர்களும், ஆட்டிசம் உள்ளவர்களோடு வேலை செய்பவர்களும், அப்படிப்பட்ட பெற்றோரிடம் வளர்ந்தவர்களும் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோடைமழை:

வணக்கம். நானும் வயது வந்த பிறகு தெரிந்துகொண்டவன்தான். இரண்டு பிள்ளைகளுக்குத் தந்தை. மென்பொருள் சோதனைப் பணியில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்தத் தலையசைப்புக் கணக்கைத்தான் மாஸ்கிங், அதாவது ஆட்டிசத்தை மறைத்து நடந்துகொள்வது, என்கிறார்கள். 2017இல் லாரா ஹல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இதைப் பற்றி விரிவாகக் கேட்டார்கள். மற்றவர்களோடு ஒன்றிப்போகவும் உறவுகளை ஏற்படுத்திக்கொள்ளவும்தான் மறைக்கிறோம் என்றும், அதற்குப் பிறகு முற்றிலும் ஓய்ந்துபோகிறோம் என்றும் பலர் சொன்னார்கள். அதைப் படித்தபோது, என்னைத் தெரியாத யாரோ என்னைப் பற்றி எழுதியதாகவே எனக்குத் தோன்றியது.

இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஓய்வின்மை ஆண்டுக்கணக்கில் நீண்டால் அது சாதாரணக் களைப்பாக நிற்பதில்லை. தாமும் ஆட்டிசம் உள்ளவரான டோரா ரேமேக்கர் தம் குழுவோடு 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிச பர்ன்அவுட் என்ற நிலைக்கு மூன்று அடையாளங்களைச் சொன்னார்: நீண்டகாலக் களைப்பு, முன்பு செய்ய முடிந்தவற்றைச் செய்ய முடியாமல் போதல், ஒலி ஒளி போன்றவற்றைத் தாங்கும் அளவு குறைந்துவிடுதல். எனக்கு அந்த நிலை வந்தபோது தொலைபேசியில் பேச வாய் எழவில்லை; ஒரு சாதாரண விண்ணப்பப் படிவத்தில் என் முகவரியை எழுத வேண்டிய கட்டத்தைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். முகவரி மறக்கவில்லை, கையைத் தொடங்க வைக்கத்தான் முடியவில்லை. ஒரு வார விடுப்பில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். ஆகவில்லை. மீண்டு வரப் பல மாதங்கள் பிடித்தன. ஆகவே உங்கள் மாலைநேரத்தைச் சின்னச் சிக்கல் என்று தள்ளிவிடாதீர்கள்.

இப்போது வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளியைக் கட்டாயமாக வைத்திருக்கிறேன். வண்டியை வீட்டருகே நிறுத்தி, எதையும் கேட்காமல், எதையும் பார்க்காமல் சற்று நேரம் அப்படியே இருப்பேன். அப்பா வெளியில்தான் இருக்கிறார், ஆனால் இன்னும் வரவில்லை என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் முடிந்ததும் நான் உள்ளே வருவேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும். "பிறகு பேசலாம்" என்று நான் ஒருபோதும் சொல்வதில்லை. "பெரிய முள் ஆறுக்கு வந்ததும் கேட்கிறேன்" என்று சொல்லி, முள் ஆறுக்கு வந்ததும் நானே போய் அவர்கள் அருகில் உட்காருகிறேன். "பிறகு" என்பது குழந்தைக்கு எல்லையில்லாத காலம். உங்கள் மகளுக்கும் ஆட்டிசம் இருப்பதால் அது இன்னும் பெரிய வேதனை.

அலுவலகத்தில் நான் சொல்லவில்லை. அது குறித்து மற்றவர்கள் எழுதட்டும்.

வரைபலகை:

எனக்கு ஆட்டிசம் இல்லை. ஒரு வடிவமைப்புக் குழுவை நடத்துகிறேன். குழுவில் இருவர் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களோடு வேலை செய்தபோது என் பேச்சில் எவ்வளவு மூடுமந்திரம் இருந்தது என்பதைக் கவனித்தேன். "இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நான் சொன்னால், படித்துப் பார்த்தால் போதுமா, பிழை திருத்த வேண்டுமா, முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டுமா என்பது என் வாக்கியத்தில் இல்லை. மற்றவர்கள் என் முகத்தையும் அன்றைய சூழலையும் வைத்து ஊகித்துக்கொள்கிறார்கள்; ஊகம் தவறானால் நான் அவர்களையே குறை சொல்வேன். இப்போது என்ன வேண்டும், எப்போது வேண்டும், எந்த அளவுக்குச் செம்மையாக வேண்டும் என்று மூன்றையும் எழுதி அனுப்புகிறேன். குழுவில் எல்லாருடைய வேலையும் தெளிவடைந்தது.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அநீதி தொடங்கும் இடம் அதுதான். 2017இல் நோவா சாஸனும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் பேசுவதைச் சில விநாடிகள் பார்த்தோ கேட்டோ இருந்தவர்கள் அவர்களைப் பற்றிச் சாதகமற்ற எண்ணத்தையே கொண்டார்கள். அதே பேச்சை எழுத்தில் மட்டும் படித்தவர்களிடம் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. அதாவது அவர்கள் சொன்ன பொருளில் குறை ஏதும் இல்லை. குரலும் முகபாவமும் வழக்கத்துக்கு மாறாக இருந்ததே எடைபோடப்பட்டது. இதைப் படித்த பிறகு நான் கேள்விகளை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். முடிந்தவரை ஒரு சிறு வேலையைச் செய்து காட்டச் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: பெயரைச் சொல்வதற்கு முன் தேவையைச் சொல்லுங்கள். "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது" என்று மட்டும் ஒரு மேலாளரிடம் சொன்னால், அவர் எங்கோ பார்த்த ஒரு குழந்தையையோ திரைப்படத்தையோ நினைத்துக்கொள்வார். "நடைபாதையை ஒட்டிய இருக்கை வேண்டாம், சுவரை ஒட்டிய இருக்கை வேண்டும்" என்றால் அவர் செய்ய வேண்டியது என்ன என்பது அவருக்கு விளங்கும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இலேயே நியாயமான ஏற்பாடுகளைச் செய்துதர மறுப்பதும் பாகுபாடே என்று வரையறுத்துவிட்டது. இருக்கையை மாற்றித் தருவது யாரும் உங்களுக்கு இடும் பிச்சையன்று.

இரவுப்பறவை:

வரைபலகையைப் போன்றவர்கள் எல்லா அலுவலகத்திலும் இருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை. நான் சொன்னேன், மருத்துவர் அறிக்கையோடு, முறைப்படி, எழுத்தில் சொன்னேன். யாரும் என்னை இழிவாகப் பேசவில்லை. மாறாக எல்லாரும் அன்பாக நடந்துகொண்டார்கள், அந்த அன்பே சிக்கலாயிற்று. வாடிக்கையாளர்களைச் சந்திக்கும் பொறுப்பை "உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று வேறொருவருக்குக் கொடுத்தார்கள். அந்தச் சந்திப்புகளை நான் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே நடத்தி வந்திருந்தேன். பதவி உயர்வுப் பட்டியல் தயாரானபோது, வாடிக்கையாளர்களைக் கையாளும் அனுபவம் போதவில்லை என்று என்னை விட்டுவிட்டார்கள். ஒரு கருத்து வேறுபாட்டில் நான் உறுதியாக நின்றால், அது வாதமாக எடுத்துக்கொள்ளப்படவில்லை, என் நிலையின் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இதை எந்த ஆவணத்தைக் காட்டி மெய்ப்பிப்பது?

உரிமை தாளில் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை சொன்னதைத் திரும்பப் பெற முடியாது. புதிய மேலாளர் வந்தாலும் அந்தக் கோப்பு அவருக்கு முன்பே வந்து நிற்கும். மாத வருமானத்தை நம்பி ஒரு குழந்தை இருக்கும்போது, "மறைக்காதே, நீயாக இரு" என்று அறிவுரை சொல்வது எளிது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மறைப்பதா வேண்டாமா என்பது எல்லாருக்கும் வாய்க்கும் தெரிவன்று. பேச்சு மிகக் குறைவாக உள்ளவர்களும், உடல் அசைவுகளை அடக்க முடியாதவர்களும் மறைக்க விரும்பினாலும் முடியாது. அவர்களுக்குப் பெரும்பாலும் வேலைக்கான வாசலே திறப்பதில்லை. நம் விவாதம் அவர்களையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பனித்துளி:

அலுவலகம் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. நான் ஆட்டிசம் உள்ள தந்தையிடம் வளர்ந்தவள். நான் வளர்ந்த காலத்தில் அதை யாரும் அறிந்திருக்கவில்லை. அப்பா அறுபது வயதைக் கடந்த பிறகுதான் தெரிந்தது.

தெளிநீர், உங்கள் மகள் கேட்கும் "கோபமா?" என்ற கேள்வியை நான் கேட்டதில்லை. கேட்கும் துணிவு இருக்கவில்லை. அப்பா வேலையிலிருந்து வந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால், அன்று நான் என்ன தப்புச் செய்தேன் என்று காலையிலிருந்து நடந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பேன். செருப்பைச் சரியாக வைத்தேனா, சத்தமாகச் சிரித்தேனா என்று தேடுவேன். தேடினால் ஏதாவது ஒன்று அகப்படாமல் போகாது. காரணம் சொல்லப்படாத அமைதிக்குக் குழந்தை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். பெரியவளான பிறகும் யாராவது பேசாமல் இருந்தால் என் வயிறு கலங்குகிறது.

இதனால் அப்பா மோசமான தந்தை என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் வாசலின் இடப்பக்கத் தூணருகே அவர் நிற்காத நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. நான் ரயில்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்விக்குக் குழந்தை என்று பாராமல் முழுமையான விடை தருவார். சிக்னல் எப்படி இயங்குகிறது என்பதைத் தாளில் வரைந்து காட்டுவார். பொய் சொல்லவே மாட்டார். ஊசி வலிக்குமா என்றால் வலிக்கும், எவ்வளவு நேரம் வலிக்கும் என்பார். அவரை நம்பியதுபோல் வேறு யாரையும் நான் நம்பியதில்லை. எனக்குக் கிடைக்காமல் போனது ஒரே ஒரு வாக்கியம்: "என் காதும் மூளையும் களைத்துவிட்டன, உன்னால் அல்ல." அவருக்கே அது தெரியாது என்பதால் அவரால் சொல்ல முடியவில்லை. உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தயவுசெய்து சொல்லிவிடுங்கள், அதுவும் களைப்பில்லாத ஒரு நாளில் சொல்லுங்கள்.

நூலேணி:

பனித்துளி எழுதியது மிக முக்கியமானது. அதோடு சேர்த்துச் சிலவற்றைச் சொல்கிறேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாடச் செயல்களைச் செய்ய உதவும் சிகிச்சையாளர். இங்கே எழுதுவது பொதுவான விளக்கமே. ஒருவரை நேரில் பார்த்துச் சொல்லும் ஆலோசனைக்கு இது ஈடாகாது.

ஒலியும் ஒளியும் தொடுதலும் சிலருக்கு மிகையாகவும் சிலருக்குக் குறைவாகவும் உறைப்பது ஆட்டிசத்தின் ஓரத்தில் இருக்கும் சங்கதியன்று. மனநல நோயறிதலுக்கு மருத்துவர்கள் பயன்படுத்தும், 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 கையேடு அதை நோயறிதலுக்கான அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்தது. தொடர்ந்து வரும் ஒலியை மூளை சற்று நேரத்தில் பின்னுக்குத் தள்ளிவிடுவதுதான் பொதுவான வழக்கம். ஆட்டிசம் உள்ள பலருக்கு அப்படிப் பழகிப்போவது குறைவாகவே நடக்கிறது. மின்விசிறியின் கிறீச்சொலி மாலை முழுவதும் புதிதாகவே கேட்டுக்கொண்டிருக்கும். எனவே பொறுமையை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். மின்விசிறிக்கு எண்ணெய் விடுங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், குழாயை மகள் பேசும் நேரத்தில் மூடி வையுங்கள். குறைக்கக்கூடிய ஒலிகளைக் குறைத்துவிட்டால் அவள் குரலுக்கு இடம் கிடைக்கும். ஒலியை முழுவதும் அடைக்காமல் மட்டுப்படுத்தும் காதடைப்பான்கள் இருக்கின்றன. அவற்றை அணிந்துகொண்டே குழந்தையோடு பேசலாம்.

அடுத்தது, உடலுக்குள்ளிருந்து வரும் செய்திகள். பசி, தாகம், இதயத் துடிப்பு, தசை இறுக்கம் போன்றவற்றை உடல் உணர்த்துவதும், "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று மனம் பெயரிடுவதும் ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாமதமாகவே நடக்கின்றன. தன் உணர்ச்சியை அடையாளம் காணச் சிரமப்படும் இந்த நிலைக்கு அலெக்ஸிதைமியா என்று பெயர். 2019இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது காணப்பட்டது. எல்லை கடந்த பிறகுதான் எல்லை இருந்ததே தெரியவரும். அதனால் "எனக்கு எப்படி இருக்கிறது?" என்று உங்களை நீங்களே கேட்டுக்கொண்டு பயனில்லை. வெளியே தெரியும் அடையாளங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குத் தாடை இறுகும். ஒருவர் வாக்கியத்தைப் பாதியில் விடுவார். இன்னொருவருக்கு உடையின் தையல் திடீரென்று உறுத்தும். அந்த அடையாளம் தெரிந்தால் உடனே வேறு அறைக்குப் போய்விடலாம். தாங்க முடியாமல் வெடித்துவிடும் மெல்ட்டவுன் நிலை வரை போக வேண்டியதில்லை.

தாய்க்கும் பிள்ளைக்கும் ஆட்டிசம் இருந்தால் இருவருடைய தேவையும் ஒன்றாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அடிக்கடிப் பார்ப்பது நேர் எதிரானது. தாய்க்கு அமைதி வேண்டும். பிள்ளைக்கோ பள்ளியில் அடக்கி வைத்ததையெல்லாம் குதித்தும் கத்தியும் பாடியும் இறக்கி வைக்க வேண்டும். இரண்டும் நியாயமான தேவைகள். இதில் ஒன்றை விட்டுக்கொடுக்கச் சொல்வதைவிட, நேரத்தையோ இடத்தையோ பிரிப்பது நல்லது: முதலில் அவள் வெளியே ஓடியாடட்டும், நீங்கள் உள்ளே இருங்கள், அதன் பிறகு இருவரும் சேர்ந்து உட்காருங்கள்.

ஒற்றையடிப்பாதை:

என் கணவருக்கு ஆட்டிசம் உண்டு, எனக்கு இல்லை. வீட்டு வேலைகளைச் சரிபாதியாகப் பிரிக்க முயன்று இருவரும் மனம் கசந்துபோனோம். பிறகு வேலைகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் அவற்றின் தன்மையைப் பார்த்துப் பிரித்தோம். துணி, கட்டணங்கள், மருந்து நேரம், வீட்டுப்பாடம் எல்லாம் அவருடையவை. தொலைபேசி, விருந்தினர், பிள்ளையின் நண்பர்களுடைய பெற்றோர் எல்லாம் என்னுடையவை. அவர் என்னைவிட அதிகமாகவே செய்கிறார். வேலைக்கு நடுவே கூப்பிட்டால் அவருக்கு அறுந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்க நெடுநேரம் ஆகும் என்பதால், கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிடுகிறேன்.

தெளிநீர்:

இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பனித்துளியின் பதிலைப் படித்துவிட்டு அன்றிரவு உறக்கமே வரவில்லை. என் மகளும் செருப்பை எண்ணிப் பார்க்கிறாளோ என்ற எண்ணம் விடவே இல்லை.

ஓர் அச்சத்தை மட்டும் முதலில் எழுதாமல் விட்டிருந்தேன். பள்ளியில் ஆசிரியரைச் சந்திக்கும்போது நான் சரியாகப் பேசுவதில்லை. ஒன்று, தேவைக்கு மேல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அல்லது வாயடைத்துப் போகிறேன். எனக்கும் ஆட்டிசம் என்று அவர்களுக்குத் தெரிந்தால், பிள்ளையை வளர்க்கத் தகுதியற்றவள் என்று நினைத்துவிடுவார்களோ? "நீங்கள் இப்படி இருப்பதால்தான் அவளும் அப்படி இருக்கிறாள்" என்று ஓர் உறவினர் ஏற்கனவே சொல்லிவிட்டார்.

நடுப்பகல்:

உறவினர் சொன்னதற்கு முதலில் பதில். அவர் சொல்வது மிகப் பழைய பழி. ஆட்டிசம் குறித்து லியோ கன்னர் 1943இல் பதினொரு குழந்தைகளை விவரித்து எழுதிய பிறகு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு மேலாக, தாயின் பாசக்குறைவே காரணம் என்ற கருத்து மருத்துவ உலகில் செல்வாக்கோடு இருந்தது. 1977இல் சூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் இருபத்தொரு இரட்டையர் இணைகளை ஆராய்ந்து, இதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு இருப்பதைக் காட்டினார்கள். அதற்குப் பின் வந்த பெரிய ஆய்வுகளும் அதையே உறுதிப்படுத்தின. ஆம், உங்கள் மகளுக்கு இது உங்களிடமிருந்து வந்திருக்கலாம். கண்ணின் நிறம் வருவதற்கு யாரும் தாயைக் குற்றவாளியாக்குவதில்லை. உங்கள் வளர்ப்பால் அது வரவில்லை.

தகுதி பற்றிய அச்சம் உங்களுடையது மட்டுமன்று. 2020இல் ஆட்டிசம் உள்ள தாய்மாரையும் மற்றத் தாய்மாரையும் ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மகப்பேற்றுக்கு முன்னும் பின்னும் மனச்சோர்வு அதிகம் இருந்தது; மருத்துவர்களும் ஆசிரியர்களும் தங்களைத் தவறாகப் புரிந்துகொள்வதாகவும், எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியவில்லை என்றும், மற்றவர்கள் தங்கள் வளர்ப்பை எடைபோடுவார்கள் என்று அஞ்சுவதாகவும் அவர்கள் அதிகமாகச் சொன்னார்கள். அதே ஆய்வில், குழந்தையின் தேவையைத் தங்கள் தேவைக்கு முன்னால் வைப்பதில் அவர்கள் குறைந்துவிடவில்லை என்பதும் தெரிந்தது. வரைபலகை குறிப்பிட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, பெற்றோருக்கோ பிள்ளைக்கோ மாற்றுத்திறன் இருப்பதைக் காரணம் காட்டி ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது.

ஆசிரியரோடு பேச்சு ஒட்டாமல் போவதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பல்ல. தாமும் ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் 2012இல் இதை இருபக்கச் சிக்கலாக விளக்கினார்: ஆட்டிசம் உள்ள நமக்கு மற்றவர்களைப் புரிந்துகொள்வது எவ்வளவு கடினமோ, அவர்களுக்கும் நம்மைப் புரிந்துகொள்வது அவ்வளவு கடினம். 2020இல் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கதையை எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். எல்லாருக்கும் ஆட்டிசம் இருந்த வரிசையும், யாருக்குமே இல்லாத வரிசையும் கதையை ஒரே அளவுக்குக் காப்பாற்றின. இரு சாராரும் கலந்திருந்த வரிசையில்தான் விவரங்கள் அதிகமாக உதிர்ந்தன.

நான் செய்வது இதுதான். சந்திப்புக்கு முந்தைய நாளே கேட்க வேண்டிய கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறேன். சந்திப்பில் அந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு அதை மட்டுமே பேசுகிறேன். முடிந்ததும், "நாம் முடிவு செய்தவை இவை, ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்" என்று எழுதி அனுப்புகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பதை அவர்களிடம் நான் சொல்லவில்லை; ஒழுங்கான தாய் என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள், அது உண்மையும்கூட.

இரவுப்பறவை:

நடுப்பகல் எழுதியதைப் படித்ததும், அலுவலகத்துக்கும் இதே வழி பொருந்தும் என்று தோன்றுகிறது. முன்பு நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை. பெயரைச் சொல்லும் முன் நூறு முறை யோசியுங்கள் என்றே இப்போதும் சொல்வேன். ஆனால் தேவையைக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. வேலையோடு இணைத்துக் கேளுங்கள். இப்படி எழுதலாம்:

"கூட்டத்தில் வாய்மொழியாகத் தரப்படும் பணிகளை அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பினால், விவரம் விடுபடாமல் முடிக்க முடியும். தணிக்கை அறிக்கை எழுதும் நாள்களில் முற்பகல் முழுவதும் இடையீடில்லாமல் கிடைத்தால், அறிக்கையைக் குறித்த நாளுக்கு முன்பே தர இயலும். கூடத்தின் உட்புறச் சுவரை ஒட்டிய இருக்கை காலியாக உள்ளது. அதற்கு மாறிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. மறுத்தால், அப்போது சட்டப் பாதுகாப்பு வேண்டுமா என்று யோசித்து, பெயரைச் சொல்வதா என்று முடிவெடுக்கலாம். எது நடந்தாலும் எழுத்தில் நடக்கட்டும். ஒவ்வொரு பதிலின் நகலையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

வரைபலகை:

ஒரு மேலாளராக, இப்படி ஒரு கடிதம் வந்தால் மறுக்க எனக்குக் காரணமே கிடைக்காது. இரவுப்பறவைக்கு நேர்ந்தது எனக்கு மிகுந்த வேதனையளிக்கிறது. யாரையும் கேட்காமல் அவர் நலனுக்காக என்று ஒரு பொறுப்பைப் பறிப்பது உதவியன்று. என்ன வேண்டும் என்று கேட்பதும், கேட்டதைச் செய்வதும், கேட்காததைத் தொடாமல் இருப்பதும்தான் மேலாளரின் வேலை.

தெளிநீர்:

இரவுப்பறவை எழுதிய கடிதத்தைச் சில சொற்கள் மாற்றி அனுப்பினேன். இருக்கையும் மின்னஞ்சலும் உடனே கிடைத்துவிட்டன. இடையீடில்லாத முற்பகல் பற்றி இன்னும் பதில் இல்லை, நினைவூட்டுவேன்.

மகளிடமும் சொல்லிவிட்டேன். விடுமுறை நாள் காலையில், இருவரும் தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது, அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடியே சொன்னேன். இருவருக்கும் அதுதான் வசதி. "எனக்கும் உன்னைப் போலவே ஆட்டிசம் இருக்கிறது. சாயங்காலத்தில் என் காது நிறைந்துவிடும். அப்போது என் முகம் இறுகும். அது கோபமில்லை, உன்னால் வருவதுமில்லை" என்றேன். அவள் வண்ணம் தீட்டுவதை நிறுத்தவில்லை. சற்று நேரம் கழித்து, "அப்படியென்றால் சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் உனக்கும் குத்துமா?" என்று கேட்டாள். குத்தும், வாங்கிய அன்றே வெட்டிவிடுவேன் என்றேன். "பின்னே ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றாள். பதில் சொல்ல எனக்குச் சொற்கள் வரவில்லை, அவளும் வற்புறுத்தவில்லை.

இப்போது இருவரும் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். நான் வந்ததும் நீலத் துண்டைக் கதவுப் பிடியில் போட்டால் காது நிறைந்திருக்கிறது என்று பொருள். அவள் அதற்குள் வெளியே விளையாடுவாள். துண்டை எடுத்ததும் அவளுடைய நேரம். முழு நாளையும் சொல்லலாம், நடுவில் நான் எழுந்து போகக் கூடாது. அவளுக்கும் ஒரு துண்டு வேண்டும் என்று கேட்டு, பச்சை நிறத்தில் வாங்கி வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒரு கேள்வி. பள்ளி நாள்களில் இது நன்றாக நடக்கிறது. நீண்ட விடுமுறையில் நாள் முழுவதும் இருவரும் வீட்டில் இருக்கும்போது யாராவது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கோடைமழை:

விடுமுறை எங்கள் வீட்டிலும் கடினம்தான், ஏனென்றால் பிள்ளைகளுக்கும் நமக்கும் நாளின் வடிவமே கலைந்துவிடுகிறது. பள்ளி மணி அடிக்கும் அதே நேரங்களை வைத்துக்கொண்டு நாளைப் பிரித்து, முதல் நாள் இரவே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அதில் "தனித்தனியாக இருக்கும் நேரம்" என்று ஒன்று காலையிலும் ஒன்று பிற்பகலிலும் கட்டாயம் இருக்கட்டும். அதைத் துண்டு போடும் நிலை வந்த பிறகு தேடாமல் முன்கூட்டியே வைத்துவிடுவது நல்லது. விருந்தினர் வருவதாக இருந்தால் யார், எப்போது, எவ்வளவு நேரம் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். திட்டம் மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதியதைப் பக்கத்தில் எழுதுங்கள்; வாயால் மட்டும் சொன்னால் என் இளையவன் ஏற்றுக்கொள்வதில்லை, நானும்தான்.